கை போன போக்கில் வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபதுகளின் ராக் இசைக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய தங்கள் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி. தமிழ்ப் பத்திரிகையில் இதற்கெல்லாம் இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வந்தது: “பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் கிட்டார்க்காரர் கை போன போக்கில் எதையாவது வாசித்து ஒப்பேற்றுவார், இதைத்தான் சோலோ என்கிறார்கள்.”

கட்டுரையாளர் பெரிய படிப்பாளி என்று கேள்வி. நான் திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்து, கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று சுற்றி வந்தவன். எனக்கு அவ்வளவு விஷய ஞானம் கிடையாது. ஆனால் பாடகர்கள் எவ்வளவு நேரம் தண்ணீர் குடிப்பார்கள் என்று தெரியும். கட்டுரையில் வரும் ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆறரை நிமிடப் பாட்டு. அதில் கடைசி இரண்டு நிமிடம் சுமாராக முழுக்கக் கிட்டார்தான். இரண்டு நிமிடம் விடாமல் தண்ணீர் குடித்த பாடகரை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் கட்டுரையாளர் காதில் போட்டு வையுங்கள். அந்தப் பாட்டின் இசை அந்தக் குழுவின் டான் ஃபெல்டர் என்ற கிட்டார்க்காரரிடமிருந்து வந்தது. மாலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது, பாட்டுக்கு ஒரு வார்த்தைகூட எழுதப்படாத நிலையில், கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசை, முடிவில் வரும் சோலோ எல்லாவற்றையும் மாதிரிக்காக டேப்பில் பதிந்து வைத்திருந்தார். அப்புறம் மயாமி ஸ்டூடியோவில் அவரும் குழுவின் இன்னொரு கிட்டார்க்காரர் ஜோ வால்ஷும் புதிதாக எதையோ வாசிக்கத் தொடங்கியதும் பாட்டைப் பாடிய டான் ஹென்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். டேப்பில் இருந்ததுதான் வேண்டுமாம். டேப்போ லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில். ஃபெல்டர் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுத்து ஓடவிட்டு, ரிசீவரைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, தான் வாசித்ததைத் தானே போனில் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வாசித்தார். பேட்டிகளில் அவரே சொன்ன கதை இது. கை போன போக்கில் வாசிப்பவர் எதற்கு ஐயா ட்ரங்க் கால் போட வேண்டும்?

இன்னொன்று. அந்தக் கோர்ட் வரிசையில் பி மைனருக்கு அடுத்து எஃப் ஷார்ப் மேஜர் வரும். அதில் ஏ ஷார்ப் என்ற ஸ்வரம் இருக்கிறது. பி மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலை மட்டும் வைத்துக்கொண்டு மேயும் கை அங்கே வெறும் ஏ-யைத்தான் தொடும். தொட்டால் கோர்ட்டோடு உரசும். கடைசியில் இரண்டு கிட்டாரும் ஜோடி சேர்ந்து வரும் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பி மைனர் ஓடும்போது பி, டி, எஃப் ஷார்ப். அடுத்த கோர்ட் வந்ததும் எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப். கோர்ட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் மெட்டு அந்தக் கோர்ட்டின் ஸ்வரத்தில்தான் கால் வைக்கிறது. இரண்டு பேருடைய கை ஒரே நேரத்தில் ஒரே போக்கில் தற்செயலாகப் போனது என்று கட்டுரையாளர் சொல்வாரானால், அதையும் ஒரு கட்டுரையாகப் போடுங்கள்.

இந்த அலட்சியம் எனக்குப் புதிதல்ல. எண்பதுகளில் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கேசட் கடை இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் பதிந்து வைப்பார். பாடகர் வாயை மூடியதும் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிடுவார். போய்க் கேட்டால், “பாட்டுதான் முடிஞ்சிருச்சே சார், வெறும் மியூசிக்தானே ஓடுது. மிச்சமான இடத்துல உங்களுக்கு இன்னொரு பாட்டு போட்டிருக்கேன், பாருங்க” என்று உபகாரம் செய்தவர் மாதிரி சொல்வார். நான் காசு கொடுத்ததே அந்த வெறும் மியூசிக்குக்காக. அவராவது கடைக்காரர், கேசட்டில் இடம் பார்க்க வேண்டியவர். இன்றைக்கு எஃப்.எம்.காரர்களுக்கு என்ன கேடு? சோலோ தொடங்கியதும் நகைக்கடை விளம்பரம் வந்துவிடுகிறது. கல்யாண வீடுகளைச் சொல்லவே வேண்டாம். “அண்ணே, நடுவுல அந்த டொய்ங் டொய்ங்கெல்லாம் வேணாம், நேரா சரணத்துக்குப் போயிருங்க” என்று மாப்பிள்ளையின் நண்பர் மேடையேறி வந்து சொல்வார். தலையாட்டுவோம். முழுப் பணம் வந்து சேர்ந்திருக்காதே.

எனக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். பட்டறையில் வேலை, சாயங்காலம் வாசிப்பு. சோலோ கற்றுக்கொள்ளப் போனால் கிட்டாரைத் தொடவே விடமாட்டார். “ஃபர்ஸ்ட் பாடு மேன். வாய்ல வராதது கைல எப்படி வரும்?” என்பார். லா லா என்று முழுச் சோலோவையும் பாட வேண்டும். மூச்சு வாங்கினால் திட்டு விழும் என்று நினைத்தேன். அவரோ, நான் மூச்சு வாங்கிய இடத்தை எல்லாம் குறித்துக்கொண்டு, வாசிக்கும்போது அங்கே தந்தியைத் தொடாதே என்பார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கேட்பவனுக்குச் சொற்றொடர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாது. ஒரே மூச்சில் பேசிக்கொண்டே போகிறவரின் கல்யாணப் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

பிறகு தந்தியை வளைப்பது. மோதிர விரல் தந்தியை மேலே தள்ள, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் முதலில் காதில் கேட்டிருக்க வேண்டும். மயிரிழை குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சுருதி சேர்ந்த பிறகுதான் அசைவு. சேருவதற்கு முன்னால் ஆட்டினால் அது பயத்தில் நடுங்குவது. ‘கம்ஃபர்ட்டப்ளி நம்’ பாட்டில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் செய்வது பெரும்பாலும் இவ்வளவுதான். வேகம் என்று பார்த்தால், இன்றைக்கு டி.வி. போட்டிகளில் வரும் பத்து வயதுப் பிள்ளைகள் அவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். நடுவர்களும் வேகத்துக்குத்தான் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஒருவராவது, “கண்ணா, இப்ப வாசிச்சதைக் கொஞ்சம் பாடிக் காட்டு” என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அதே கில்மர் அந்த 1979 பதிவில் என்ன செய்தார்? ஐந்தாறு தடவை சோலோ வாசித்துப் பதிந்துகொண்டு, தாளில் கட்டம் போட்டு, எந்தப் பதிவில் எந்தப் பார் (தாளக் கணக்கில் ஒரு துண்டு) நன்றாக இருக்கிறது என்று டிக் அடித்தார். மிக நன்றாக இருந்தால் இரண்டு டிக், தேறாததற்குப் பெருக்கல் குறி. அப்புறம் டிக் வாங்கியவற்றை மட்டும் கோத்து ஒரே மெட்டாக்கினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட விடைத்தாளை இத்தனை கவனமாகத் திருத்துவதில்லை.

குவீன் குழுவின் பிரையன் மே வேறு ரகம். அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து, வீட்டுக் கணப்பின் பழைய மரச்சட்டத்தில் கழுத்துச் செய்து உருவாக்கிய கிட்டார் அவருடையது; தந்தியை மீட்டும் பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம். 1975-ல் வந்த ‘பொஹீமியன் ராப்ஸடி’யில், பாடகர் பாடிய மெட்டையே திருப்பி வாசிக்காமல் இன்னொரு மெட்டை மனதிலேயே உருவாக்கிக்கொண்டு பிறகுதான் வாசித்தார். மூளை வழிகாட்டாவிட்டால் விரல்கள் பழகிய தடத்திலேயேதான் போகும் என்பது அவர் கட்சி. கட்டுரையாளரின் அந்த வரிக்கு நேர் எதிராக ஒருவர் அப்போதே பதில் சொல்லி வைத்திருக்கிறார்.

லெட் ஜெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ சோலோவை ஸ்டூடியோவில் அந்த நேரத்துக் கற்பனையில்தானே வாசித்தார் என்று கேட்பீர்கள். ஆமாம். சில தடவை வாசித்து, பிடித்ததை எடுத்துக்கொண்டார். ஆனால் கீழே எஃப் கோர்ட் வரும்போது மேலே எஃப் ஸ்வரத்தில் போய் நிற்கிறாரே, அது எந்தப் போக்கு? மார்கழியில் சபாவில் ஒரு வித்வான் அந்த நேரத்துக் கற்பனையில் அரை மணி ஆலாபனை செய்தால் மனோதர்மம் என்று இதே பத்திரிகை இரண்டு பக்கம் எழுதுகிறது. எழுத வேண்டியதுதான், நானும் ரசித்துப் படிக்கிறேன். கிட்டார்க்காரன் செய்தால் மட்டும் ஒப்பேற்றல்.

சில வருஷம் முன்பு தாங்கள் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ரவிசங்கர் கிட்டார் கற்றுக் கொடுத்ததாகப் போட்டீர்கள். சித்தார் என்று அப்போதே அஞ்சலட்டை போட்டேன். பதில் இல்லை. சரி, வேலைப்பளு இருந்திருக்கும்.

என் மனைவிக்கு இங்கிலீஷ் பாட்டு என்றால் ஆகாது. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் மாவாட்டும்போது அந்தக் கடைசிப் பகுதியை, இரண்டு கிட்டாரும் சேர்ந்து வருவதை, சுருதி பிசகாமல் முணுமுணுப்பார். கட்டுரையாளர் அரைப் பக்கம் விளக்கவுரை எழுதிய பாடல் வரிகளில் ஒன்றும் அவரிடம் ஒட்டவில்லை. ஒட்டியது ஒப்பேற்றல்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், அந்தப் பாட்டின் சோலோவை வாசித்தவர்கள் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் என்று இரண்டு பெயர்களைப் போடுங்கள். நான்கு பக்கக் கட்டுரையில் இருவர் பெயரும் எங்கேயும் இல்லை. இரண்டாம் பக்கப் படத்தில் ‘சோலோவில் மெய்மறந்த கலைஞர்’ என்று போட்டிருக்கிறீர்களே, அவர் கையில் இருப்பது அடி ஸ்வரம் பிடிக்கும் நான்கு தந்தி பேஸ் கிட்டார். அதையும் முடிந்தால் திருத்துங்கள். போன முறை நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை, ‘இசைக் கட்டுரை அருமை’ என்ற மூன்று வார்த்தையாக்கி என் ஊர்ப் பெயருடன் பிரசுரித்தீர்கள். இந்த முறை இடம் இல்லாவிட்டால் பிரசுரிக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பொன்மலை, திருச்சி.