பணம் வரும் முன்பே வழிகாட்டுங்கள்: சேலம் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களுக்கும் சேலத்துத் தொழில் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் சேலத்தில் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது கம்பெனிச் சட்ட நடைமுறைகளைக் கவனித்துத் தருபவனாகத் தொழில் செய்கிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், ஜவுளி ஏற்றுமதியாளர்கள் என்று பலரும் வெளிநாட்டுக் கூட்டாளி அனுப்பிய காகிதங்களோடு வருகிறார்கள். பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகுதான் வருகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்று பணம் அனுப்பிவிட்டார். பங்குப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வாங்க வேண்டும், பங்கை அவர் பெயருக்கு ஒதுக்கி, அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை தொடக்கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். பணம் வந்ததோ நடப்புக் கணக்கில். அப்போது கிழங்கு வரத்து உச்சத்தில் இருந்தது. பணம் முழுக்க மரவள்ளிக் கிழங்காக மாறிவிட்டது. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், அதற்கு முன் பங்கின் மதிப்புச் சான்றிதழ் வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யாருமே அவர்களிடம் சொல்லவில்லை. 60 நாள் தாண்டினால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி. திருப்பித் தரக் கையில் என்ன இருந்தது? ஆலை முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசிதான். நேர்மையாகத் தொழில் செய்யும் குடும்பம் அது.

இவர்களாவது கம்பெனி வைத்திருந்தார்கள். நம் ஊர்த் தொழில்களில் ஏராளமானவை ஒருவர் பெயரிலோ அண்ணன் தம்பி பார்ட்னர்ஷிப்பாகவோ நடப்பவை. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்காரர் அதில் முதல் போட முடியாது. பேச்சு தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இங்கே கம்பெனி தொடங்க வரும் வெளிநாட்டுக்காரர்களும் தடுமாறத்தான் செய்கிறார்கள். அவர்கள் நாட்டு ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று வேண்டும் என்பது விண்ணப்பம் திரும்பி வந்த பிறகே தெரிகிறது. இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். சரி, கையெழுத்துப் போட ஒரு ஆள் போதும் என்று கூட்டாளியின் மருமகனையோ கணக்குப் பிள்ளையையோ இயக்குநராக்கிவிடுகிறார்கள். ஆண்டுக் கணக்கு தாக்கல் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் ஏறும். தொடர்ந்து 3 ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பையன் 5 ஆண்டு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. அவனிடம் இதை யார் சொன்னார்கள்?

ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபித் தோட்டத்தின் மீது ஆசை வந்துவிடுகிறது. வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டுக் குடிமகன் தன் பெயரில் இங்கே தோட்டம் வாங்க முடியாது. 2015 முதல் காபித் தோட்டத் தொழிலில் 100 சதவீத அன்னிய முதலீட்டுக்கு இடமுண்டு, ஆனால் அது கம்பெனி வழியாக முறைப்படி வர வேண்டிய பணம். உள்ளூர்க்காரர் பெயரில் கிரயம் செய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்லும் தரகர்களை நம்பினால் பினாமிச் சட்டத்தில் நிலமே பறிபோகும்.

அப்புறம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் என்று எழுதியிருக்கும், படிக்காமலே கையெழுத்திடுவார்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால் அங்கே வரும் தீர்ப்பை இங்குள்ள உயர் நீதிமன்றம் வழியாக நிறைவேற்றலாம். போய் வாதாடும் செலவை நம் ஆட்கள் தாங்குவார்களா என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் கோவையில், கம்பெனித் தீர்ப்பாயம் சென்னையில். படிவங்கள் இணையத்தில்தான் போகின்றன, ஆனால் சந்தேகத்துக்கு விளக்கம் சொல்ல உள்ளூரில் பொதுவான இடம் இல்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: 15 நாளுக்கு ஒரு பிற்பகல் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு மேசை போடுங்கள். ஒரு ஆடிட்டர், ஒரு வழக்கறிஞர், ஒரு கம்பெனி செக்ரட்டரி, அன்னியச் செலாவணி பார்க்கும் ஒரு வங்கி அதிகாரி உட்காரட்டும். பணம் வருவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத் தமிழில் இரண்டு பக்கமாக அச்சிட்டு, சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கட்டும். எழுதித் தர நான் தயார், கட்டணம் வாங்காமல் அந்த மேசையில் உட்காரவும் தயார்.

இப்படிக்கு,
சேலத்துக் கம்பெனி செக்ரட்டரி ஒருவர்