ரெண்டு பெஞ்ச் துடைக்கிற நேரம்

நம் கல்லூரி லேப் சர்வர் பிழைத்துவிட்டது. திங்களிலிருந்து புதன்வரை அது திணறிய கூத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. நேற்று இரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, லேப்பைக் கூட்டித் துடைக்க வரும் அக்காவுக்கு.

புதன் காலை ஏழரை மணி. முந்தின நாள் சட்டையோடு சர்வர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். 16 கோர் மெஷினில் பகலெல்லாம் லோடு (ஓடுவதும் காத்து நிற்பதுமான வேலைகளின் எண்ணிக்கை) 90-ஐத் தாண்டுகிறது. ஓடும் பிராசஸ்களை, அதாவது நிரல்களை, பட்டியல் போடும் டாப்பில் பார்த்தால் நேரத்தையெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே தின்கிறது. கீழே வரும் பிராசஸ்களைக் கூட்டினால் கால்வாசிகூடத் தேறவில்லை. மாணவர்களின் சிமுலேஷன்தான் காரணம் என்று அடித்துப் பேசி, இரண்டு பேருடைய ஜாபைக் கில் பண்ணியும் விட்டிருந்தேன். (அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று.)

அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், நான் வர்றப்ப இது அடங்கி அடங்கிக் கத்துது. ரெண்டு பெஞ்ச் துடைக்கிறதுக்குள்ள ஒரு தடவை. நீங்கெல்லாம் வந்தப்புறம்தான் நிக்காம கத்துது."

நாங்கள் பத்து மணிக்கு வருகிறவர்கள். அப்போது ஃபேன் ஒரே அலறல்தான். அது விட்டுவிட்டு அலறுவதைக் கேட்ட ஒரே ஆள் அவர். இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டியதும் ஃபேன் எகிறியது. அடுத்த நிமிடமும் அப்படியே. எனக்குக் கை நடுங்கிவிட்டது. நிமிடத்துக்கு ஒன்று என்றால் கிரான், குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாகக் கிளப்பும் டைமர்!

புதிதாகக் கிளம்பும் ஒவ்வொரு பிராசஸையும் அப்போதே காட்டும் எக்ஸெக்ஸ்னூப்பை ஓட்டினேன். எறும்புப் புற்றைக் கிளறின மாதிரி ஆக் (awk), கிரெப் (grep) என்ற குட்டிக் கட்டளைகள் கொட்டின. எந்த மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ண, லைசென்ஸ் புதுப்பிப்புக்காகப் போன வாரம் கிரானில் போட்ட ஸ்கிரிப்டின் வேலை. போட்டவன் நான்தான். ஓடும் ஒவ்வொரு பிராசஸின் ஸ்மேப்ஸையும், அதாவது அதன் மெமரி கணக்கையும், அது படிக்கும்; படிக்கும்போதெல்லாம் கெர்னல் அந்தப் பிராசஸின் பேஜ் டேபிளை (மெமரி எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலை) நடந்து கணக்கெடுக்க வேண்டும். காலையில் இருபது நொடியில் முடிந்துவிடும். நூறு பேர் இதே சர்வரில் பிரவுசரோடு உட்கார்ந்ததும் நிமிடத்தைத் தாண்டும், முந்தினது முடியுமுன் அடுத்தது கிளம்பும். அந்தக் குட்டிப் பிராசஸ்கள் பிறந்த கையோடு செத்துவிடுவதால், மூன்று நொடிக்கு ஒருமுறை கண் திறக்கும் டாப்பில் சிக்கவே இல்லை.

ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு பிராசஸ் அக்கவுன்டிங்கைப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பிராசஸும் முடியும்போது கெர்னலே ஒரு பதிவு எழுதி வைக்கிறது. யார் எதை ஓட்டினார் என்று தெரிய அது போதும். மெமரி கணக்கை யாரும் கேட்கவே இல்லை. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

மற்றபடி, ரெக்கார்ட் தேதியைத் தள்ளி வைத்த ஹெச்ஓடி மேடம், இரவெல்லாம் போனில் கிடந்த நெட்வொர்க் நண்பர்கள், கணக்கில் எழுதாமல் டீ அனுப்பிய கேன்டீன் அண்ணன், என்னைத் திட்டாமல் திட்டிய மூன்றாம் ஆண்டு மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. இனி நான் போடும் எந்த கிரானும் எஃப்லாக் (முந்தினது முடியுமுன் அடுத்ததை ஓட விடாத பூட்டு) இல்லாமல் ஓடாது. சத்தியம்.

இன்று காலையும் ஏழரைக்கே போனேன். அக்கா நாலு பெஞ்ச் துடைத்து முடித்துவிட்டுக் கதவோரம் காது வைத்துக் கேட்டார்.

"என்ன சார், செத்துருச்சா?"