அப்பாவுக்கு, பஸ் கூண்டு கட்டுன கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களாங்கப்பா. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்குதுங்க. நீங்க எழுதுன கடுதாசிய தங்கச்சி போட்டோ புடிச்சு வாட்ஸப்ல போட்டிருந்தா, ரெண்டாம் பக்கம் பாதி வெட்டுப்பட்டுப் போச்சு, ஆனா "பஸ்சுல குடியிருக்கறானாமே, அப்படி என்ன கதி வந்துச்சு அவனுக்கு"ங்கற வரி மட்டும் நல்லா தெளிவா விழுந்திருக்குது. பதில் போட நாளாயிருச்சுங்கப்பா. போன்ல பேசலாம்னா நீங்க ரெண்டு வார்த்தை பேசிட்டு அம்மாகிட்ட குடுத்தர்றீங்க, அதான் உக்காந்து டைப் பண்றேன், தங்கச்சி படிச்சுக் காட்டட்டும்.

ஒரு கதியும் வரலீங்க. இந்த நியூசிலாந்துல இது கேவலமில்ல. மோட்டார் வண்டியில வீடு கட்டிக்கிட்டு சுத்தறவங்களுக்குன்னு 1956லயே சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க, ரிட்டயர்டு ஆன டீச்சருங்க, நர்சம்மாங்க எல்லாம் அதுல மெம்பரு. வீட்ட வித்துட்டு பஸ்சு வாங்கி ஏறிக்கறாங்க, கேட்டா சந்தோசமா சொல்றாங்க. வாடகை இங்க மாசக் கணக்கில்ல, வாராவாரம் அழுவணும், அப்படி அழுதும் வீட்டுக்குள்ள குளுரு தாங்க முடியாது, சுவரெல்லாம் பூஞ்சை. அந்தக் காச நம்ம வண்டியில போட்டா நம்மளுதா நிக்கும்னுதான் எறங்குனேன். பணக் கஷ்டம்லாம் இல்லீங்க. பட்டறையில இப்ப ஓவர்டைம் இல்ல, வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, அதனால கையில நேரம் நெறைய கெடச்சுது, அவ்வளவுதான்.

வண்டி டொயோட்டா கோஸ்டர், 1996 மாடல், ஜப்பான்ல ஓடிட்டு கப்பல்ல வந்தது. 4.2 லிட்டர், 6 சிலிண்டர் டீசல் இன்ஜின், டர்போ கிர்போ எதுவும் கெடையாது, மெதுவாத்தான் மேடு ஏறும் ஆனா நிக்காது. நீளம் 7 மீட்டர், நம்ம ஊரு மினி பஸ்சாட்ட இருக்கும்னு வெச்சுக்கங்களேன். இங்க கார் லைசென்ஸ்லயே 6,000 கிலோ வரைக்கும் ஓட்டலாம், அதனால பெரிய வண்டிக்கு ஆசைப்படல. வாங்கறதுக்கு முன்னால நீங்க செய்யற மாதிரியே சுத்தியல் காம்பால ஒரு சுத்து தட்டிக்கிட்டே வந்தேன், வலது பக்கம் பின் வீல் ஆர்ச்சுகிட்ட சத்தம் மாறுச்சு, ஸ்க்ரூ டிரைவர வெச்சு அமுத்துனா உள்ள போயிருச்சு. வித்தவன் மூஞ்சி செத்துப் போச்சு. அதக் காட்டித்தான் வெலைய எறக்குனேன். கண்ணாடி ரப்பருக்கு அடியிலயும் துரு இருந்துச்சு, ஆனா சட்டம் சுத்தமா இருந்துச்சுங்கப்பா, சேசிஸ்ல ஒரு பொட்டு இல்ல.

சீட்டக் கழட்டறதுக்குத்தான் உசுரு போச்சு. போல்ட்டு அத்தனையும் துருப்புடிச்சு தலை மழுங்கிக் கெடந்துச்சு, கிரைண்டர் போட்டுத்தான் வெட்டுனேன். தரைப் பலகைய எடுத்தா அடியில ஜப்பான் காசு, ஹேர்பின்னு, மென்னு துப்புன சூயிங்கம், ஒரு பொம்மைக் கால். நம்ம கூண்டு கட்டற பட்டறைக்கு பழைய வண்டி ரீபாடிக்கு, புதுசா கூண்டு மாத்தறதுக்கு வந்தா நானும் லேத்து மாமா பையனும் சீட்டுக்கு அடியில காசு பொறுக்குவமே, அந்தப் பழக்கத்துல இதையும் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்.

இங்க கூண்டு வேலையே தலைகீழுங்கப்பா. கரூர்ல நாம வெயில வெளிய நிறுத்தறதுக்கும் காத்து உள்ள வர்றதுக்கும்தான் ரோசனை பண்ணுவோம். இங்க எதிரி குளுரு கூட இல்ல, தண்ணி. ராத்திரி நாம விடற மூச்சு, சோறு வடிக்கற ஆவி எல்லாம் போய் சில்லுன்னு கெடக்கற தகரத்துல பட்டு தண்ணியாயிருது, காலையில கண்ணாடியில கோடு கோடா ஒழுகும். கண்ணாடின்னா தொடச்சுக்கலாம், பலகைக்குப் பின்னால ஒழுகுனா கண்ணுக்கே தெரியாம உள்ளிருந்து துரு வெச்சுரும். அதனால உள் தகரத்த முழுசா பிரிச்சு, பில்லருக்கும் பில்லருக்கும் நடுவுல ஃபோம் போர்டு வெட்டி சொருகி, சந்துக்கெல்லாம் ஸ்ப்ரே ஃபோம் அடிச்சு, இரும்பு பில்லர் மேல தனியா ஒரு லேயர் ஒட்டி, அப்புறம்தான் பிளைவுட்டு அடிச்சேன். பில்லர சும்மா விட்டா குளுரு அது வழியா நேரா உள்ள வந்துருது. இவ்வளவு பண்ணியும் தெனமும் கொஞ்ச நேரம் கூரை ஜன்னலத் தொறந்து வெக்கணும், வெளிய மைனஸ் நாலு இருந்தாலும். அம்மாகிட்ட மைனஸ் நாலுன்னு சொல்ல வேண்டாம், குளுருதுன்னு மட்டும் சொல்லுங்க.

ரோட்டோரம் தங்கணும்னா சட்டம் வேற. ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளைக்கு நல்ல தண்ணி இருக்கணும், கழிவுத் தண்ணிக்குத் தனி டேங்க் இருக்கணும், மூடி போட்ட குப்பைக் கூடை கூட இருக்கணும். 2023ல புதுசா சட்டம் போட்டு, டாய்லெட்ட வண்டியோட சேத்து ஃபிக்ஸ் பண்ணித்தான் ஆகணும், தூக்கிட்டுப் போற டப்பா செல்லாதுன்னுட்டாங்க. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல டாய்லெட்டான்னு அம்மா கேப்பாங்க. எந்த மூலையில இருக்குதுன்னு ஜோசியர் பெரியப்பாகிட்ட மட்டும் கேக்கச் சொல்லாதீங்க, காலையில ஈசானியத்துல இருக்கறது சாயந்திரம் வண்டிய திருப்பி நிறுத்துனா கன்னி மூலைக்குப் போயிருது, எதுக்குன்னு பரிகாரம் பண்றது.

தண்ணி டேங்க நேரா பின் ஆக்ஸில் மேல வெச்சிருக்கேன், பேட்டரி எடது பக்கம்னா கேஸ் சிலிண்டர் வலது பக்கம், எடை மேடையில ஏத்திப் பாத்து சரி பண்ணுனேன். லித்தியம் பேட்டரிய தண்ணி உறையற குளுருல சார்ஜ் போட்டா கெட்டுப் போயிருமாம், அதனால அது கட்டிலுக்கு அடியில என் கூட சூடா தூங்குது. சோலாருக்கு இங்க வடக்கு வெயிலுதான் கணக்கு, நமக்கு தெக்கு மாதிரி. ஆனா இப்ப ஜூலை, வெயிலு எட்டிப் பாத்துட்டு ஓடிருது.

அதிகமா வண்டிய நகத்தறதும் இல்லீங்க. இங்க டீசல் வெலையில ரோட்டு வரி சேராது, ஓட்டற கிலோமீட்டருக்கு தனியா 1,000 கிலோமீட்டர் கணக்குல முன்கூட்டியே காசு கட்டணும். ஆஷ்பர்ட்டன் ஊருக்கு வெளிய ஒரு பெருசு தன் தோட்டத்துல எடம் குடுத்திருக்காரு, வேலைக்கு சைக்கிள்லயே போயிருவேன். ஒடம்புக்கும் நல்லது.

அந்தப் பெருசப் பத்தி எழுதியே ஆகணும். அவரு இருக்கறது பெட்ஃபோர்டு எஸ்பி, நெசமான பழைய பஸ்சு. இங்க ரயில்வே டிபார்ட்மென்ட்டே ஒரு காலத்துல பஸ்சும் ஓட்டுச்சாம், அதுக்கு வாங்குன வண்டி. உள்ள விறகு அடுப்பு, கூரையப் பொத்துக்கிட்டு பொகைக் கொழாய். 1979ல வைஹிகிட்ட நம்பாஸான்னு ஒரு பாட்டுத் திருவிழா நடந்துச்சாம், 75,000 பேருக்கு மேல வந்தாங்களாம், அதுக்கு லாரியில வீடு கட்டிட்டுப் போனவராம் இவரு. சம்சாரம் பேரத்தான் பஸ்சுக்கு வெச்சிருக்காரு, அந்தம்மா இப்ப இல்ல, காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா பேரச் சொல்லி நல்லா திட்டறாரு, ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா தேங்க்ஸ் சொல்றாரு. டிரைவர் சீட்டுல ஒரு கோழி முட்டை வெக்குது, அது எறங்குற வரைக்கும் வண்டிய எடுக்கவே மாட்டாரு. மொதநாள் நான் குக்கர் வெச்சு விசில் வந்ததும் மனுசன் தீ அணைக்கற சிலிண்டரத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாரு! இப்ப விசில் வந்தா தட்டோட வந்து நிக்கறாரு. அரிசிம்பருப்பு சோறு அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, அதுல தக்காளி சாஸ் ஊத்தித் திங்கறாரு, அம்மா பாத்தா அழுதுருவாங்க.

சோறுன்னதும் ஞாபகம் வருது, மாவுதான் இங்க பெரிய போராட்டம். குளுருல பொங்கவே மாட்டேங்குது. ஹீட்டர் காத்து வர்ற ஓட்டைகிட்ட போர்வை சுத்தி வெச்சு எடுத்தா ஒரு மாதிரி பொங்குது, இட்லிய விட தோசைக்குத்தான் ஆகுது. வெங்கமேட்டு அத்தை தேன் குடுத்து விடறேன்னாங்களாம், வேண்டாம்னு சொல்லிருங்க, இந்த ஊருக்குள்ள தேன் விடவே மாட்டாங்க, ஏர்போர்ட்லயே புடுங்கிக்குவாங்க, சொல்லாம கொண்டு வந்தா ஃபைனும் போடுவாங்க.

போன வாரம் ரெண்டு ஜன்னல அடைச்சு அலுமினியத் தகரம் போட்டேன். பாப் ரிவெட்டு போட்டா ஒரே ஆளா முடிச்சிருக்கலாம், ஆனா நீங்க பாத்தா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும், அதனால கெட்டி ரிவெட்டுதான் வாங்குனேன். அதுக்கு உள்பக்கம் இரும்புக் கட்டை முட்டுக் குடுக்க ஆள் வேணுமில்லீங்களா, பெருசு வந்து புடிச்சாரு. நான் வெளிய இருந்து அடிக்கறேன், ரெண்டு ரிவெட்டு போனதும் பழக்க தோசத்துல "அப்பா, கீழ எறக்கிப் புடிங்க"ன்னு சொல்லிட்டேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, கட்டைய கீழ எறக்கிட்டாரு. அதுக்கு மேல ஒன்னும் பேச முடியல, அந்த வரிசைய முடிக்கற வரைக்கும் தலையக் குனிஞ்சே அடிச்சேன். நான் பத்தாவது லீவுல வந்து முட்டுப் புடிக்கறப்ப கை வலிக்குதுன்னு சிணுங்குவேன், நீங்க டீக்கு காசு குடுத்து பேக்கரிக்கு அனுப்புவீங்க, வர்றப்ப உங்களுக்கு ஒரு வடையும் கரூர் கரமும் வாங்கிட்டு வருவேன். அந்தத் தகரம் அறுக்கற வாசம் இங்கயும் அதேதான் இருக்குதுங்கப்பா. ஆடி பதினெட்டுக்கு அமராவதியில தண்ணி வருதா? மாரியம்மன் நோம்பிக்கு கம்பம் ஆத்துக்கு விடறத தங்கச்சி வீடியோ கால்ல காட்டுனா, கூட்டத்துக்குள்ள உங்க துண்டு மட்டும்தான் தெரிஞ்சுது.

சரி, அது கெடக்கட்டும்.

தாத்தா வீட்டு விசயம். பெரியப்பா விக்கலாம்ங்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. விக்கறதோ வெச்சிருக்கறதோ உங்க இஷ்டம், ஆனா கூட்டுப் பட்டாவ மொதல்ல பிரிச்சுருங்க, பேச்சுக்குப் பேச்சு நல்லாத்தான் இருக்கும், நாளைக்கு அவங்க மருமகன் வந்து நின்னா பேச்சு மாறிரும். என் கையெழுத்து வேணும்னா பவர் எழுதி வெலிங்டன்ல இருக்கற நம்ம ஹைகமிஷன்ல சாட்சிக் கையெழுத்து வாங்கித் தபால்ல அனுப்பறேன், அது ஊருக்கு வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டிறணுமாம், பத்திர ஆபீஸ்கார மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்கங்க. நான் வந்துதான் ஆகணும்னா கொஞ்சம் தள்ளித்தாங்க முடியும், டிக்கெட் இப்ப ஏறிக் கெடக்குது.

கண்ணு ஆபரேசன தள்ளிப் போடாதீங்க. வேட்டைக்குப் போறதுக்கா கண்ணுன்னு ஜோக்கு அடிச்சீங்களாம், அம்மா சொன்னாங்க. டிவிஎஸ்ச ராத்திரியில எடுக்காதீங்க. தங்கச்சிக்கு வளைகாப்பு தேதி குறிச்சா மொதல்ல எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்க, ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியா எனக்கு சொல்ல வேண்டாம். மாப்ளகிட்ட நான் பேசறேன். கொசுவலை கம்பெனி சித்தப்பாகிட்ட கட்டித் துணியில கொஞ்சம் ஜன்னல் தெர தெச்சுத் தரச் சொல்லுங்க, அளவு தனியா அனுப்பறேன், கனமா இருந்தா தேவலை. வெசனப்படாதீங்கப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். படம் நாலு அனுப்பியிருக்கேன், மூலை ஜாயின்ட்ட பெருசு பண்ணிப் பாத்துட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, அம்மாகிட்ட போனக் குடுக்கறதுக்கு முன்னாலயே.

இப்படிக்கு,
உங்க பையன்

தங்கச்சி, இதுக்குக் கீழ இருக்கறத அப்பாவுக்குப் படிக்காத. இந்த மாசம் பணம் பதினஞ்சு தேதிக்கு மேலதான் வரும், அதுவும் போன மாசத்த விட கம்மியாத்தான் இருக்கும், ஏன்னு அம்மா கேட்டா பேங்க்ல லேட்டுன்னு சொல்லிரு. பேங்க்ல வெச்சிருக்கற நகைய இப்ப திருப்ப வேண்டாம், வட்டிய மட்டும் கட்டி மறுபடியும் வெச்சுரு, ரசீது போட்டோ எனக்கு அனுப்பு. ஏலச்சீட்டையும் இந்தத் தடவ எடுத்தராத, தள்ளு எவ்வளவு போகுதுன்னு பாத்துட்டு சொல்லு. அப்பா ஆபரேசனுக்கு காப்பீட்டு அட்டை செல்லுதான்னு ஆஸ்பத்திரியில கேட்டு வெய்யி, மீதிய நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன். அப்புறம் அந்த ரெண்டாம் பக்கத்த முழுசா போட்டோ எடுத்து அனுப்பு, வெட்டுப்பட்ட எடத்துல அப்பா என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியல.