கடைசி இடத்தில் உள்ளே வந்த அணி

ஆக்ஸ்ஃபோர்டு, மிசிசிப்பி
9 ஜூலை 2022

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மண்டலப் போட்டியில் உங்கள் கல்லூரிக் கிரிக்கெட் அணி தொடர்ந்து மூன்றாவது ஆண்டும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டது என்றும், பழைய மாணவர்கள் நிர்வாகத்திடம் உன்னை மாற்றச் சொல்கிறார்கள் என்றும், உடற்கல்வி இயக்குநர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை எழுதி மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக எதை எழுதினாலும் உனக்கு அது வெறும் வார்த்தையாகத்தான் படும் என்று தோன்றியதால் எடுத்து வைத்துவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி ஒமாஹாவில், தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகள் மோதும் சுற்றில், ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் உனக்கு எழுத வேண்டியது என்ன என்று எனக்குத் தெளிவானது.

நான் சொல்வது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அணி. இங்கே எல்லோரும் அதை ஓல் மிஸ் என்றே அழைப்பார்கள். கல்லூரி பேஸ்பால் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் இறுதி வரை நடக்கும். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியுடன் மூன்று நாள் அடுத்தடுத்து வரும். பந்தெறியும் பிட்சரின் தோள் ஒரு ஆட்டத்துக்குப் பின் பல நாள் ஓய்வு கேட்கும் என்பதால், மூன்று நாளுக்கும் மூன்று நல்ல பிட்சர்கள் இல்லாத அணி வெள்ளிக்கிழமை ஜெயித்தாலும் ஞாயிற்றுக்கிழமை அடிவாங்கும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள். நான் சொல்லப் போவதெல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

மார்ச் மாதம் இந்த அணி நாட்டின் முதலிடத்தில் இருந்தது. அந்த மாதக் கடைசியில் டென்னசி அணி இங்கே வந்து மூன்று ஆட்டங்களையும் வென்று சென்றது. அதன் பிறகு சரிவு நிற்கவில்லை. மே 1ஆம் தேதி கணக்குப் பார்த்தபோது தென்கிழக்கு லீக்கில் 7 வெற்றி, 14 தோல்வி. பந்து மைதானத்துக்கு வெளியே போகும்படி ஹோம் ரன் அடித்தால் வலதுபுற மைதானச் சரிவில் நிற்கும் மாணவர்கள் கையிலிருக்கும் கோப்பையை அப்படியே வானத்தில் வீசிக் கொண்டாடுவார்கள். அந்தச் சரிவிலேயே அப்போது உற்சாகம் வற்றியிருந்தது. கடைத்தெருவிலும், நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையிலும், பயிற்சியாளர் மைக் பியாங்கோவை அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. 2001 சீசன் முதல் இங்கே இருப்பவர். அத்தனை ஆண்டுகளில் ஒமாஹா சுற்றுக்கு ஒரே ஒரு முறை, 2014இல், அணியைக் கொண்டுபோனவர். அவரைப் போகச் சொன்னவர்களின் வாதம் நியாயமற்றது என்று நானும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அவர் செய்ததை இப்போது திரும்பிப் பார்க்கிறேன். அவர் ஆட்களை மாற்றவில்லை, ஆட்களின் இடத்தைத்தான் மாற்றினார். இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்து சேர்ந்த டிலன் டெலூசியா, முதலாண்டு மாணவரான இடக்கை பிட்சர் ஹன்டர் எலியட் ஆகிய இருவரும் சீசன் தொடங்கியபோது வார இறுதி ஆட்டங்களைத் தொடங்கி வைக்கும் பிட்சர்களாக இல்லை. சீசனின் நடுவில் அவர் அந்த இருவரையும் வெள்ளி, சனி ஆட்டங்களுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகும் தோல்விகள் வந்தபோது அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் விட்டார். உன் கடிதத்தைப் படித்த பின் நான் திரும்பத் திரும்ப நினைத்தது இதைத்தான். தோற்றுக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வது எவருக்கும் இயலும். செய்ததைப் பலன் தெரியும்வரை மாற்றாமல் வைத்திருப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

மே மாதத்தில் மிசூரியை மூன்று ஆட்டத்திலும், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூவை அவர்கள் ஊரிலேயே மூன்று ஆட்டத்திலும் வென்றார்கள். அப்படியும் லீக் கணக்கு 14 வெற்றி, 16 தோல்வி என்றுதான் முடிந்தது. லீக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே வான்டர்பில்ட்டிடம் தோற்று வீடு திரும்பினார்கள். தேசியப் போட்டிக்கு 64 அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். மே 30ஆம் தேதி பெயர்கள் வந்தபோது ஓல் மிஸ் அதில் இருந்தது. குழு கடைசியாகச் சேர்த்த அணி இதுதான் என்பதும் பின்னர் தெரிந்தது. ஒரே ஓர் இடம் கைமாறியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அங்கிருந்து அவர்கள் ஆடியது வேறு ஆட்டம். மயாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸில் மூன்று ஆட்டங்கள், மூன்றும் வெற்றி. கடைசி ஆட்டத்தில் அரிசோனாவை 22க்கு 6 என்று வீழ்த்தினார்கள். அடுத்து இதே மாநிலத்தின் ஹாட்டிஸ்பர்க்கில் சதர்ன் மிஸ் அணியை 10-0, 5-0 என்று வென்றார்கள். அந்த இரண்டு ஆட்டங்களையும் தொடங்கி வைத்தவர்கள் டெலூசியாவும் எலியட்டும். எதிரணி இரண்டு நாளிலும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

அணித்தலைவர் டிம் எல்கோவைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். 2021இல் அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. பொதுவாக அறுவைசிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு உட்கார வேண்டிய காயம் அது. அவர் காலில் பிடிப்புக் கவசம் கட்டிக்கொண்டு அதே சீசனில் திரும்பி வந்து ஹோம் ரன்கள் அடித்தார். இந்த ஆண்டு அவர் அடித்தது 24 ஹோம் ரன். ஏப்ரல் மாதத் தோல்விகளின்போது இப்படி ஒருவர் உடைமாற்றும் அறையில் இருந்ததும், கலையாத அந்த ஏற்பாட்டுக்கு ஒரு தூணாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒமாஹாவில் எட்டு அணிகள். ஆர்கன்சாவுடன் மட்டும் மூன்று முறை மோதினார்கள். முதலில் வென்று, அடுத்ததில் 3-2 என்று தோற்று, தோற்றவர் வெளியேற வேண்டிய மூன்றாவது ஆட்டத்தில் டெலூசியாவை இறக்கினார்கள். ஒன்பது இன்னிங்ஸும் அவரே எறிந்தார். மொத்தம் 113 பந்து. எதிரணி பந்தை அடித்து ஓடிச் சேர்ந்த ஹிட் நான்கே, தவறான பந்துகளை எறிந்து ஒருவரைக்கூட இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பவில்லை. 2-0 என்று வெற்றி. அன்று பக்கத்து வீட்டு முதியவருடன் அவர் கூடத்தில் அமர்ந்து பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அவர் பேசவே இல்லை, கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பட்டத்தை முடிவு செய்யும், மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற இறுதித் தொடரில் எதிரணி ஓக்லஹோமா. முதல் ஆட்டம் 10-3. ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆட்டம். ஓக்லஹோமாவின் பிட்சர் கேட் ஹார்ட்டன் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச் செய்தார். இறுதித் தொடர் ஆட்டம் ஒன்றில் அதற்கு முன் எவரும் அத்தனை பேரை வீழ்த்தியதில்லை. எட்டாவது இன்னிங்ஸில் 2-1 என்று பின்தங்கியிருந்த நிலையில் ஓல் மிஸ்ஸின் ஜேக்கப் கான்சாலஸ் அடித்த ஹிட்டில் கணக்கு சமமானது. அதன் பிறகு, ஹார்ட்டனுக்கு மாற்றாக வந்திருந்த பிட்சர் எறிந்து, பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கைக்கு அகப்படாமல் ஓடிய இரண்டு பந்துகளில் இரண்டு ரன் வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சர் பிராண்டன் ஜான்சன் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்து முடித்தார். கல்லூரியின் முதல் பேஸ்பால் தேசியப் பட்டம் அது. ஜூன் 29 அன்று நகரச் சதுக்கத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தபோது நானும் வெயிலில் நின்றேன். முடி வெட்டும் கடைக்காரர் தன் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு பியாங்கோவின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்.

ஓக்லஹோமா அணியின் நிலையையும் நினைக்கிறேன். ஹார்ட்டன் அன்று செய்ததைவிட ஒரு பிட்சர் அதிகமாகச் செய்ய முடியாது. ஆனாலும் தோற்ற அணியில்தான் இருந்தார். ஆகையால், பொறுத்திருந்தால் பட்டம் கிடைக்கும் என்று உனக்கு நான் எழுதமாட்டேன். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே: மே 1ஆம் தேதியன்று பியாங்கோவை அனுப்பியிருந்தால், அவர் ஏற்கெனவே சரியாகச் செய்துவிட்ட ஒரு வேலை சரியானதுதானா என்பது எவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நீயும் அப்படி ஒரு வேலையைத் தொடங்கியிருப்பதாக உன் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசி இரண்டு ஆட்டங்களில் அந்த இடக்கைச் சுழற்பந்துப் பையனைப் புதுப் பந்தோடு முதல் ஓவர் போடச் சொன்னதாகவும், நிர்வாகம் அதற்காகக் கேள்வி கேட்டதாகவும் ஒரு வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டாய். அந்த இரண்டு ஆட்டங்களில் அவன் எத்தனை ஓவர் வீசினான், எவ்வளவு ரன் கொடுத்தான், அடுத்த ஆண்டும் அவன் கல்லூரியில் இருப்பானா என்று விவரமாக எழுது. இழுப்பறையில் உள்ள கடிதத்தை அதுவரை அங்கேயே விட்டுவை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்
நண்பன்