மஞ்சள் அட்டை: யூத இளைஞர்களைக் கடல்தாண்டித் தொண்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நியூயார்க்கிலும் எருசலேமிலும் லண்டனிலும் அலுவலகம் வைத்து, இருபதுகளில் இருக்கும் யூத இளைஞர்களை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொண்டுப் பணிக்கு அனுப்பும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு படி உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊர் திரும்பும் உங்கள் பிள்ளைகள் எழுதும் அறிக்கைகள் உங்களிடம் நிறைய இருக்கும். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட தாய்மார்களும் ஆசிரியைகளும் எழுதிய அறிக்கை ஒன்றுகூட இருக்காது. அவர்களில் பலர் தமிழ்தான் படிப்பார்கள். நான் அவர்கள் சார்பில் சரியாகச் சொல்கிறேனா என்று அவர்களும் பார்க்கட்டும்.

நான் மும்பை தாராவியில் பிறந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் மாலை வகுப்பு மையத்தில் ஒன்பது ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அந்த ஆண்டுகளில் உங்கள் பிள்ளைகள் பலர் எங்கள் சந்துக்குள் வந்தார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு கல்வியாண்டில் எங்கள் மையத்துக்கு நான்கு குழுக்கள் வந்தன. ஒன்று பத்து நாள், ஒன்று பன்னிரண்டு நாள், இப்படி. ஒவ்வொரு குழுவும் பெட்டி நிறைய வண்ண அட்டைகள் கொண்டுவந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் சொல்லித்தருவார்கள். நான்காவது குழு வந்தபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மஞ்சள் அட்டையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் ‘கிரீன்?’ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் குழு வந்தபோதே அவளுக்கு எல்லா நிறமும் மனப்பாடம். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “தெரியும்னு சொன்னா அந்த அக்கா முகம் வாடிப்போயிரும் டீச்சர். எவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காங்க” என்றாள்.

எட்டு வயசு. அன்று எங்கள் வகுப்பில் தொண்டு செய்தவள் அவள்தான்.

அந்தக் குழுவை அனுப்பிய அமைப்பிடம் ஒன்று கேட்டிருந்தேன்: முந்தைய குழு என்ன பாடம் நடத்தியது என்ற குறிப்பை அடுத்த குழுவிடம் கொடுத்துவிடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் தலைவர் வேறு, திட்டம் வேறு, அது கஷ்டம் என்று பதில் வந்தது. பன்னிரண்டு பேர் பத்து நாள் வந்து போகிற விமானக் கட்டணத்தில் எங்கள் ஆசிரியைகள் நான்கு பேருக்கு ஓராண்டுச் சம்பளம் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கை அன்றைக்கு நான் சொல்லவில்லை. விருந்தாளியிடம் கணக்குப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். இப்போது சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, ‘சரி, ஆட்களை அனுப்ப வேண்டாம், பணத்தை மட்டும் அனுப்புவோம்’ என்று நீங்கள் முடிவெடுத்தால் நான் எழுதியதே வீண். 1985இல் தொடங்கப்பட்ட அமெரிக்க யூத உலக சேவை அமைப்பு பல ஆண்டுகள் இளைஞர்களைப் பணிக்கு அனுப்பியது. பின்னாளில் தன் பலத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி தருவதில் செலுத்தியது. அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பணத்தால் ஆகாத ஒரு காரியத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் பத்து மாதம் தங்குவதற்கு வந்தாள். முதல் இரண்டு மாதம் அவளால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தி வராது. தண்ணீர் வரும் நேரம் தெரியாது. எந்தச் சந்து எங்கே முட்டும் என்று தெரியாமல் தொலைந்து போவாள், யாராவது பையன் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். மூன்றாவது மாதம் ஒருநாள் என்னிடம் வந்து, இன்ன பையன் பலகையைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறான் என்றாள். நாங்கள் அவனைச் சோம்பேறி என்று நினைத்திருந்தோம். கண் தெரியவில்லை அவனுக்கு. அப்புறம் அவள் ஒவ்வொரு பிள்ளையாகக் கவனித்தாள். எட்டுப் பிள்ளைகளின் அம்மாக்களோடு மாநகராட்சி மருத்துவமனைக்குப் போய், கேஸ் பேப்பர் எடுக்கும் வரிசையில் காலையிலிருந்து நின்றாள். எட்டுப் பேருக்கும் கண்ணாடி வந்தது. பத்து நாளில் இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரு பிள்ளையின் நேற்றும் முந்தாநேற்றும் தெரிந்தால்தான் அதன் இன்றைக்குப் பொருள் புரியும்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் அவள் தன் அறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். யூதர்களின் வார ஓய்வுநாளான சப்பாத்துக்கு உரிய ரொட்டி கிடைக்காது என்பதால் இரண்டு பாவ். பக்கத்து வீட்டு முஸ்லிம் சாச்சி ஒருநாள், “நீயும் பன்றி சாப்பிட மாட்டியாமே?” என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கட்சி. எங்கள் சந்தில் பாதிப்பேர் முஸ்லிம்கள். இஸ்ரேலைப் பற்றியும் காஸாவைப் பற்றியும் அப்போதே கேட்டார்கள், இப்போது இன்னும் கேட்பார்கள். அந்தப் பேச்சு வந்தால் எப்படி நழுவுவது என்றுதான் உங்கள் குழுக்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. இவள் நழுவவில்லை. தன் மனதில் இருந்ததைச் சொன்னாள், சாச்சியும் தன் மனதில் இருந்ததைச் சொன்னார், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மறுநாளும் டீ வந்தது. உங்கள் பயிற்சியில் நழுவுவதைச் சொல்லித்தருவதை விட்டுவிட்டு, உட்கார்ந்து கேட்பதைச் சொல்லித்தாருங்கள்.

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பெஸாக் பண்டிகைக்கு முன்பு, அதன் கதையை அவள் எங்களுக்குச் சொன்னாள். எகிப்தில் நீங்கள் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்று யூதர்களின் வேதமான தோரா திரும்பத் திரும்பச் சொல்கிறதாம். தான் இங்கே வந்ததே அதனால்தான் என்றாள். நான் என் அப்பா சொன்னதைச் சொன்னேன். 1960களின் கடைசியில் இந்த நகரத்தில் லுங்கி கட்டிய தென்னிந்தியர்களை விரட்டு என்று கோஷம் போட்ட காலம். அப்பா வெளியே போகும்போது வேட்டியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொள்வார், வாயைத் திறக்க மாட்டார், தமிழ் வெளியே வந்துவிடுமே என்று. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். யார் யாருக்கு உதவ வந்தார்கள் என்ற நினைப்பே இல்லை.

அவளிடம் நான் கற்ற சொல் ‘செதாக்கா’. தானம் என்று நினைத்தேன். இல்லை, அதன் வேரில் இருப்பது நீதி என்றாள். எனக்கு அது விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தமிழில் ‘தர்மம் போடுங்க’ என்று கை நீட்டுகிறவரும், ‘இது தர்மமா?’ என்று நியாயம் கேட்கிறவரும் ஒரே சொல்லைத்தானே சொல்கிறார்கள்! 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உங்கள் அறிஞர் மைமோனிடீஸ் கொடுப்பதை எட்டுப் படிகளாக வகுத்தார் என்றும் அவள்தான் சொன்னாள். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கடன் கொடுத்தோ, கூட்டாளியாகச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ ஒருவர் இனி யாரிடமும் கை நீட்டத் தேவையில்லாதபடி செய்வது முதல் படி. நிர்வாகிகளே, கூட்டாளி என்ற சொல் உங்கள் சொந்த நூலிலேயே முதல் படியில் இருக்கிறது. எங்களை நீங்கள் ‘பயனாளிகள்’ என்று எழுதுகிறீர்கள்.

மும்பையிலேயே யூத மரபு எவ்வளவு பழையது என்பதும் உங்கள் குறுகிய பயணங்களில் கண்ணில் படாமல் போகிறது. கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் வாங்கிய பெனே இஸ்ரவேல் யூதர்கள் இந்த ஊர்க்காரர்கள். பெரும்பாலானோர் 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்னும் சில ஆயிரம் பேர் மும்பையிலும் தாணேயிலும் இருக்கிறார்கள். எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்ல அவலில் தேங்காயும் சர்க்கரையும் கலந்து, பழங்கள் வைத்து ‘மலிதா’ படைப்பார்கள். அந்தத் தட்டைப் பார்த்ததும் என் அம்மா, “இது நம்ம வீட்டு அவல்தானே!” என்றார். அதைச் சாப்பிட எங்களைக் கூட்டிப்போனவளும் பத்து மாதம் இருந்தவள்தான்.

உங்கள் பக்கத்துப் பயமும் எனக்குத் தெரியும். 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் இங்குள்ள யூத மையமான நரிமன் இல்லத்தைத் தாக்கியதை இந்த நகரத்தில் யாரும் மறக்கவில்லை. பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்தில் தங்கவைப்பது உங்கள் கடமை. தங்குவது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். பகல் பொழுதும், மாதங்களும் எங்களோடு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது நடக்காத காரியம் இல்லை. ருவாண்டாவில் உங்கள் மக்களே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 1994 இனப்படுகொலையில் அநாதையான பிள்ளைகளுக்காக ஆன் ஹேமன் என்ற நியூயார்க் வழக்கறிஞர் 2008இல் அகஹோசோ-ஷலோம் இளைஞர் கிராமத்தைத் திறந்தார். நாஜிகள் நடத்திய யூதப் படுகொலைக்குப் பின் அநாதைகளும் குடியேறிய பிள்ளைகளும் வளர்ந்த இஸ்ரேலின் யெமின் ஓர்டே கிராமம்தான் அதற்கு மாதிரி. ‘அகஹோசோ’ என்றால் கண்ணீர் துடைக்கப்படும் இடம் என்று பொருள். அங்கே பிள்ளைகள் குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ருவாண்டா அம்மா. வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டர் ஓராண்டு இருப்பார். அந்தக் குடும்பத்தில் அவருக்குப் பெயர் ‘கசின்’. அம்மா இடமும் இல்லை, ஆசிரியர் இடமும் இல்லை. சித்தி பிள்ளை, மாமா பிள்ளை மாதிரி ஓர் இடம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த அளவுதான். வருகிறவருக்கு வீட்டில் ஓர் உறவுமுறை இருக்கிறது, ஆனால் வீட்டை நடத்துவது அவர் இல்லை.

நேபாளத்தில் தெவெல் பெட்செதெக் அமைப்பு 2007 முதல் இருக்கிறது. ராணுவச் சேவை முடிந்து மலையேறத் திரிந்த இஸ்ரேலிய இளைஞர்களையும் மற்ற நாட்டு யூத இளைஞர்களையும் கிராம வேலைக்குத் திருப்பிவிட்டது. 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தபோது அது ஏற்கெனவே எட்டு ஆண்டுகளாக அந்த ஊரில் இருந்த அமைப்பு. இடிபாட்டுக்கு நடுவே யார் வீடு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

ஆகவே நான் கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பத்து நாள் பயணத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் அதைத் தொண்டு என்று சொல்லாதீர்கள், கற்றல் பயணம் என்று சொல்லுங்கள். வரட்டும், பார்க்கட்டும், கேட்கட்டும், எங்கள் சமையற்காரப் பெண்களிடம் சப்பாத்தி தேய்க்கப் பழகட்டும். வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டாம். பாடம் நடத்த அனுப்புகிறவரைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு அனுப்புங்கள். அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான அமைதிப் படை (பீஸ் கார்ப்ஸ்) 1961 முதல் தன் தொண்டர்களைச் சுமார் இரண்டு ஆண்டு ஓர் ஊரில் இருக்கவைக்கிறது, அதற்கு முன்பு மாதக்கணக்கில் மொழி கற்றுத்தருகிறது. உங்களால் ஆறு வாரம் இந்தியோ மராத்தியோ தமிழோ சொல்லித்தர முடியாதா?

அப்புறம், யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் மேசையில் எங்களில் ஒருவர் உட்கார வேண்டும். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். எங்களுக்கு ஒருமுறை இசை சொல்லித்தர ஒரு பையன் வந்தான், நல்ல பையன். எங்களுக்கு அந்த ஆண்டு வேண்டியிருந்தது கணக்கு ஆசிரியர். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ‘இந்த ஆண்டு யாரும் வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அடுத்த ஆண்டு நிதி குறையக் கூடாது. அந்தப் பயம் இருக்கும்வரை உங்கள் மின்னஞ்சலுக்கு எந்தச் சிறிய அமைப்பும் ‘தாராளமாக வாருங்கள்’ என்றுதான் பதில் போடும். நானும் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் போட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு அவர்கள் எழுதும் அறிக்கையை எங்களுக்கும் அனுப்புங்கள். எங்கள் ஆசிரியைகள் எழுதும் அறிக்கையையும் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் மொழியில், நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிறவர் பெட்டி கட்டுவதற்கு முன் இரண்டையும் படிக்கட்டும். அந்த மஞ்சள் அட்டைச் சிறுமி இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மாலையில் அதே மையத்தில் பாடம் எடுக்கிறாள். முதல் அறிக்கையை அவளே எழுதித் தருகிறேன் என்கிறாள்.

ஜூன் நடுவில் இங்கே பள்ளி திறக்கும். அதற்கு முன்பு, மே மாதக் கடைசியில், உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், குழு இல்லாமல் வாருங்கள். இரண்டு நாள் போதும். ஆசிரியைகளை உட்காரவைக்கிறேன், சாச்சியும் வருவார். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மெழுகுவர்த்தியும் பாவும் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு மையத்தின் முன்னாள் ஒருங்கிணைப்பாளர்,
தாராவி, மும்பை