வெள்ளவத்தையில் சனலிங் வாசிப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமாருக்கு,

வணக்கம். போயா (பௌர்ணமி) நாட்களில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள அந்த மாடி அறையில் நீங்கள் நடத்தும் சனலிங் வாசிப்புக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒருவர் இன்னொருவர் வாயால் பேசியதாகச் சொல்லும் நூல்களின் வாசிப்புக்கு, இரண்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறேன். கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருப்பவள். ரயில் போகும்போது வாசிப்பவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அந்த அரை நிமிட அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே மாதிரி வாசிப்புகள் இப்போது கொழும்பில் வேறு வீடுகளிலும் நடக்கின்றன, வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாகவும் சுற்றுகின்றன. எல்லோரும் கேட்க வேண்டிய விஷயம் என்று பட்டது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பிளட்ஸில் கீழ் வீட்டு மாமியைக் கூட்டி வந்தேன். கிளிநொச்சிக்காரர். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனுடைய படத்தை லேமினேட் பண்ணி ஒரு சொப்பிங் பையில் வைத்திருக்கிறார். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகும்.

அன்றைக்கு வாசித்தது சேத் போதனையில் ஒரு பகுதி. சேத் என்பது ஜேன் ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் ஊடாகப் பேசியதாகச் சொல்லப்படும் குரல். நம்முடைய நம்பிக்கைகளே நமது யதார்த்தத்தை உருவாக்குகின்றன என்ற பகுதி. வாசித்து முடிந்ததும் விளக்கம் சொன்ன அண்ணா, பிறப்பதற்கு முன்பே ஆன்மா தன் இழப்புகளைத் தானே தேர்ந்தெடுக்கிறது, தாயும் மகனும் சேர்ந்து செய்த ஒப்பந்தம் இது, இதை ஏற்றுக்கொள்ளாதவரை துன்பம் தீராது என்றார். மாமியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டும் என்றே சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாமி வாய் திறக்கவில்லை. கையில் இருந்த பால் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது. கூட்டம் முடிந்து இறங்கும்போது இரண்டாம் படியில் நின்று என் கையைப் பிடித்தார். "அப்ப பிள்ளை, நான்தானோ அவனைத் துலைச்சனான்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அந்தக் கேள்வியோடுதான் கிடந்தேன்.

நான் இந்தப் போதனைகளுக்கு வெளியே நின்று பேசவில்லை. அப்பா செத்த வருடம் மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் சேத் புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்த நிலையில், கைக்குக் கிடைத்தது. காலம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதில்லை, எல்லாக் கணமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்ற இடத்தை வாசித்தபோது, அப்பா 'இருந்தார்' என்று சொல்லிக்கொண்டிருந்த என் வாய் 'இருக்கிறார்' என்று சொல்லப் பழகியது. அந்தக் கடன் எனக்கு உண்டு.

அந்தக் கடனால்தான் இதைக் கேட்கிறேன். அந்தக் குரல் எப்படி வந்தது என்பதை நீங்கள் கூட்டத்தில் சொல்வதே இல்லை. 1963 கடைசியில், நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா என்ற ஊரில், ஜேன் ரொபர்ட்ஸும் கணவர் ரொபர்ட் பட்ஸும் ஆவிகளோடு பேச வைத்திருக்கும் விஜா (Ouija) என்ற எழுத்துப் பலகையோடு தொடங்கியது அது. ஜேன் மயக்கநிலையில் பேசப் பேச, பட்ஸ் சொல்லுக்குச் சொல் எழுதினார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே இடைவெளி விட்டது, குரல் எப்படி மாறியது எல்லாவற்றையும் குறித்தார். அந்தத் தாள்கள் இன்று யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சேத் உண்மையில் யார், தன் மனத்தின் ஒரு பகுதிதானா என்று ஜேன் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். 1965இல் உள்ளே ஒரு குரல் கேட்டு ஏழு வருடம் அதைக் குறிப்பெடுத்த, 'A Course in Miracles' என்ற நூலை எழுதிய ஹெலன் ஷக்மனும் அப்படித்தான். தான் உயிரோடு இருக்கும்வரை தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர் அவர். குரலைக் கேட்டவர்களே இவ்வளவு தயங்கியிருக்கிறார்கள். விளக்கம் சொல்லும் நமக்கு மட்டும் தயக்கமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜேனுக்குக் கடுமையான முடக்குவாதம் இருந்தது. மூட்டுகள் இறுகி, நடக்க முடியாமல் போய், கடைசிக் காலத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தார். அந்தக் கட்டிலில் கிடந்தபடியும் சேத் பேசியதைச் சொல்லி எழுதவைத்தார். 1984இல் இறக்கும்போது வயது 55. நம்பிக்கைதான் யதார்த்தத்தை உருவாக்குகிறது என்ற வாக்கு வந்ததே அந்த உடம்பின் வழியாகத்தான். இதைச் சொன்னால் போதனை சிறுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது இன்னும் நெருக்கமானது.

பிறக்குமுன் தேர்ந்தெடுப்பது பற்றி அந்த நூல்களில் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் வினையைத் தண்டனையாகப் பார்ப்பதை சேத் ஏற்கவில்லை. நம் வலிமை இருக்கும் இடம் இந்தக் கணம் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. 'உன் யதார்த்தத்தை நீ உருவாக்குகிறாய்' என்பது ஒருவர் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கியம். அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பாகிவிடுகிறது. செத்த வீட்டில் "முன்வினைப் பயன்" என்று சொல்லிவிட்டுப் போகும் சொந்தக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அன்று மாமியின் காதில் விழுந்ததும் அதேதான், புதிய மொந்தையில் பழைய கள்.

மட்டக்களப்பில் போர்க்காலத்தில், காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். பற்ரீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் அங்கே தங்கியிருந்து ஆராய்ந்து இதை எழுதியிருக்கிறார். உருவேறி வாக்குச் சொன்ன பெண்கள் அந்தப் பிள்ளைகள் பட்ட வதையைத் தங்கள் உடம்பில் வாங்கித் துடித்தார்கள். அதுவும் ஒருவர் ஊடாக வந்த குரல்தான். அங்கே வாக்குச் சொல்பவரே தாயின் வலியில் பங்கெடுத்தார்.

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் நாலு மகாவாக்கியங்களும் நம் கூட்ட அறைச் சுவரில் தொங்குகின்றன. 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே படச் சட்டத்துக்குள் 'நாம் அறியோம்' என்பதும் இருக்கிறது. அந்த மகனைப் பற்றிய பேச்சு வந்தபோது அண்ணா அதைச் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்.

வாசிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. வாசிக்கும்போது சேத் சொன்னது எது, நம் விளக்கம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். பட்ஸ் செய்த மாதிரி. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் அவர்களுடைய ஆன்மாவின் தேர்வைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அவர்களாகக் கேட்டாலும் அவசரப்பட வேண்டாம்.

மாமி இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் போய்க் கேட்டேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அங்கை படத்தைக் காட்டலாமோ பிள்ளை?" என்றார். காட்டலாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த போயாவுக்கு வாசிப்புத் தொடங்க முன் அவர் கதைக்கட்டும், அண்ணா. மகனுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பான் என்றெல்லாம் சொல்வார். நேரம் எடுக்கும். ஜன்னலோரம் இரண்டு கதிரை போட்டு வையுங்கள்.

அன்புடன்,
கடைசி வரிசையில் இருப்பவள்