பெயர் கேட்க மறந்த நர்ஸ் அக்காவுக்கு

அத்தாவுக்குச் சர்க்கரை 300-ஐத் தாண்டிய ரமலான் அது. வார்டில் சேர்த்த பிறகும் நோன்பை விட மாட்டேன் என்று ஒரே அடம். பகலில் மாத்திரையைத் தொடவில்லை. விரலில் குத்தக்கூட விடவில்லை. எல்லாரும் திட்டினார்கள், நானும்தான்.

நெற்றியில் திருநீறோடு வந்த நீங்கள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, “விரல்ல குத்துனா நோன்பு முறியாதுங்கய்யா. நோயாளி இப்ப விட்டுட்டு அப்புறம் களா செய்யலாம்னு குர்ஆன்லயே இருக்குல்ல, 2:184. உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுப் பாருங்க” என்றீர்கள். போனில் ஹஜ்ரத்தும் அதையே சொன்னார். அத்தா உடனே தண்ணீர் கேட்டார்.

விட்ட நோன்பைப் பிறகு வைப்பதைச் சொல்லும் 'களா' என்ற சொல்லை எங்கே கற்றீர்களோ! சாயங்காலம் எனக்கு வந்த நோன்புக் கஞ்சியைக்கூட ஆறாமல் மூடி வைத்திருந்தீர்கள்.

நன்றி அக்கா. டாக்டரைக் கேட்டுவிட்டு, பகல் குறைவான மார்கழியில் அத்தா விட்ட நோன்புகளை வைத்து முடித்துவிட்டார்.